சாயங்காலம் குறையும், காலையில் கூடும்

எங்கள் காரின் எஞ்சினில் எண்ணெய் சாயங்காலம் குறைந்துவிடும். காலையில் பார்த்தால் கூடியிருக்கும். பகலெல்லாம் குடித்துவிட்டு, ராத்திரி யாரும் பார்க்காத நேரத்தில் திருப்பி ஊற்றி வைக்கிற எஞ்சின் தூத்துக்குடியிலேயே எங்கள் வீட்டில்தான் இருந்தது. சிரிக்காதீர்கள். இதனால் எங்கள் வீட்டில் ஒரு மாதம் சோறு சரியாக இறங்கவில்லை. இறங்காதது எனக்குத்தான். என் கணவர் ஸ்டீல் ஸ்கேலும் நோட்டுமாக நன்றாகத்தான் இருந்தார்.

கார் எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அறிவியல் டீச்சர். நாற்பத்தொன்பதாவது வயதில் என்னை வேம்பாருக்கு மாற்றினார்கள். கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். உட்கார இடம் கிடைக்காத நாளில் மீன் பாத்திரங்களுக்கு நடுவில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போய், முதல் பீரியடிலேயே மிதத்தல் விதியை நடத்துவேன். சாயங்காலம் திரும்பும்போதும் அதே பாடுதான். முழங்கால் வலியைப் பற்றி ஆரம்பித்தால் வேறு எதுவும் சொல்ல இடமிருக்காது, அதனால் விட்டுவிடுகிறேன்.

சில வருடம் இப்படிப் போன பிறகு, ஒரு மே மாத லீவில் யாரிடமும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். லைசென்ஸ் கைக்கு வந்ததும் கொண்டுவந்து கணவர் முன்னால் மேசையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போட்டோல ஏன் இப்பிடி மொறச்சிட்டு இருக்க?" என்று கேட்டார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

காயல்பட்டினத்தில் ஒரு பெரியவர் காரை விற்கிறார் என்று கூட வேலை பார்த்த டீச்சர் சொன்னார். போய்ப் பார்த்தோம். மகன்கள் இரண்டு பேரும் துபாயில். அவர்கள் லீவுக்கு வரும்போது விமான நிலையத்துக்குப் போய்வருவதற்காக வாங்கிய சின்ன வெள்ளைக் கார். பெரியவருக்குக் கண் சரியாகத் தெரியாமல் போனதால் உறை போட்டு மூடி வைத்திருந்தார். சாவியைத் தரும்போது, "ஒரு மாசம் ஓட்டிப் பாருங்கோ. மனசுக்கு ஒப்பலன்னா கொண்டாந்து விட்டுடுங்கோ, நான் எடுத்துக்கிறேன்" என்றார். இந்தக் காலத்தில் யார் இப்படிச் சொல்கிறார்கள்? எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. என் கணவரோ அந்த ஒரு மாதத்தைச் சோதனைக் காலம் என்று எடுத்துக்கொண்டார்.

அவருடைய வேலை அப்படி. துறைமுகத்தில் டிராஃப்ட் சர்வேயர். ஒரு கப்பலில் எத்தனை டன் நிலக்கரி வந்திருக்கிறது என்று தராசில் போட்டா பார்க்க முடியும்? கப்பல் தண்ணீரில் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் கணக்கிட வேண்டும். கப்பலின் வெளிப்பக்கத்தில் அளவு எண்கள் எழுதியிருக்கும். முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடம்; இரண்டு பக்கமும் சேர்த்தால் ஆறு. கடல் பக்கத்து எண்களைப் படகில் சுற்றிப் போய்ப் பார்ப்பார்கள். அலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அது அடங்குகிற நேரத்துக்குக் காத்திருப்பார்கள். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதற்கு ஒரு திருத்தம், மூக்கு தூக்கியிருந்தால் அதற்கு இன்னொரு திருத்தம். கடைசியில் கப்பல் அதிகாரியும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அந்த அளவு செல்லும். "நான் மட்டும் பாத்து, நான் மட்டும் எழுதி, நான் மட்டும் கையெழுத்துப் போட்டா அதுக்குப் பேரு சர்வே இல்ல, கத" என்பார். இருபத்திரண்டு வருடமாக ராத்திரிச் சாப்பாட்டோடு இதைக் கேட்டு வருகிறேன். நானே தனியாகப் போய் ஒரு கப்பலை அளந்துவிட்டு வந்துவிடுவேன்.

இப்படிப்பட்ட மனிதர் கையில் எஞ்சின் எண்ணெய் பார்க்கும் குச்சி கிடைத்தால் என்ன ஆகும்?

அந்தக் குச்சியில் இரண்டு கோடு இருக்கும். குச்சியை உருவி, துணியால் துடைத்து, திரும்பச் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் நல்லது, அவ்வளவுதான் விஷயம். உலகத்தில் எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டுப் பானெட்டை மூடுவார்கள். இவர் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து, ஸ்கேலை வைத்து, மேல் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் கீழே என்று நோட்டில் எழுதினார். தேதி, நேரம், கீழே அவருடைய கையெழுத்து.

நானோ அந்த நாட்களில் வேறு உலகத்தில் இருந்தேன். காலை ஏழே காலுக்குக் கிளம்பினால் ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம்தான். கண்ணாடியை இறக்கிவிட்டால் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். காற்றாலை இறக்கை ஏற்றிய நீண்ட லாரி எதிரே வந்தால் மட்டும் ஓரமாக ஒதுங்கி நின்று, அது முழுவதும் கடந்து போகும்வரை ஒரு முழுப்பாட்டைப் பாடி முடிப்பேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வண்டி நான் சொன்ன இடத்தில் நின்றது. வழியில் இளநீர்க் கடையைப் பார்த்தால் நிறுத்தி இறங்கிக் குடித்தேன். இளநீர் குடிப்பது ஒரு பெரிய காரியமா? பஸ்ஸில் போகும்போது எத்தனை வருடம் அந்தக் கடையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன் தெரியுமா. வேம்பாரில் போய் இறங்கும்போது எனக்கு முப்பது வயதுதான் இருக்கும்.

ஒரே ஒரு குறை உண்டு. எங்கள் தெருவில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்த வருடத்துக்குப் பிறகு எல்லோரும் தரையை உயர்த்திக் கட்டினோம். அதனால் தெருவிலிருந்து கேட்டுக்கு ஏற செங்குத்தாக ஒரு சிமெண்டுச் சரிவு. அதில் ஏறி, கேட்டுத் தூண்களுக்கு நடுவில் காரை நுழைத்து, உள்ளே போர்ட்டிகோவில் விட வேண்டும். மூன்றாம் நாளே வலது பக்கத்துத் தூணில் காரின் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தேய்த்துவிட்டேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் தூணோடு வம்புக்குப் போகவில்லை. சாயங்காலம் வந்ததும் காரை அந்தச் சரிவிலேயே மூக்கைத் தூக்கினபடி நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துப் போட்டு, டயருக்கு ஒரு கல்லும் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். துறைமுகத்திலிருந்து கணவர் வந்து பானெட்டைத் திறந்து அளவு எடுப்பார். சில நாள் அவர் முந்தி வந்து, கேட்டில் தயாராக நிற்பார். நான் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தின கையோடு பானெட்டைத் தூக்கிவிடுவார். பிறகு காரை உள்ளே விடுவார். காலையில் நான் கிளம்புவதற்கு முன்னால் போர்ட்டிகோவில் இன்னொரு தடவை அளவு எடுத்துவிட்டு, அவரே காரைத் தெருவுக்கு இறக்கித் தருவார்.

சாயங்காலம் பதினெட்டு மில்லிமீட்டர் குறைவு. காலையில் ஆறு. மறுபடி சாயங்காலம் பதினெட்டு, காலையில் ஆறு. இரண்டு மூன்று மில்லி முன்னே பின்னே இருந்தாலும் கதை இதுதான்.

முதல் வாரம், "எஞ்சின் எண்ணெய் குடிக்கி" என்றார். "அப்பொ காலைல எப்பிடிங்க கூடுது?" என்று கேட்டேன். அவருக்குத் தூக்கம் போய்விட்டது. இரண்டாவது வாரம் ஒரு முடிவோடு வந்தார். "பகல்ல எண்ணெயக் குடிக்கி. ராத்திரி பெட்ரோலு கசிஞ்சு எண்ணெக்குள்ள எறங்குது. அதான் காலைல மட்டம் ஏறுது. ஏளா, ரெண்டு வியாதி இதுக்கு. எண்ணெயில பெட்ரோலு கலந்தா எஞ்சின் போயிரும்."

"வண்டி நல்லாத்தான ஓடுது?"

"மொதல்ல நல்லாத்தான் ஓடும்" என்றார். டாக்டர் சொல்வது போல இருந்தது.

மூன்றாவது வாரக் கடைசியில், காரைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று அவராகவே தீர்மானித்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையோடு பெரியவர் சொன்ன மாதம் முடிகிறது. "அன்னைக்கே கொண்டு விட்ருவோம். வேற நல்ல வண்டி பாப்போம்" என்றார்.

வேறு வண்டி எப்போது வரும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு கட்டில் வாங்க நாலு வருடம் கடை கடையாக அளந்த மனிதர் அவர். இந்தக் கார் போனால் நான் திரும்பவும் பஸ்ஸில் மீன் பாத்திரங்களுக்கு நடுவில்தான், அதுவும் ரிட்டையர் ஆகும்வரை. அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது, கோபத்தில் ஒரு திருட்டுத்தனமும் தோன்றியது. சாயங்காலம் எண்ணெய் குறைந்து காட்டாவிட்டால் வண்டி தப்பித்துவிடும் அல்லவா?

புதன்கிழமை போகிற வழியில் ஒரு கடையில் நிறுத்தி, "அண்ணாச்சி, பெட்ரோல் வண்டிக்கு ஊத்துற எஞ்சின் ஆயில் ஒரு லிட்டர் தாங்க" என்று வாங்கினேன். பள்ளிக்கூடம் விட்டதும் எல்லோரும் போகும்வரை காத்திருந்து, வேப்பமரத்தடியில் பானெட்டைத் திறந்து, லேபிலிருந்து எடுத்துவந்த புனலை வைத்து, அளவு ஜாடியில் பார்த்து சரியாக அரை லிட்டர் ஊற்றினேன். மீதி டப்பாவை லேப் அலமாரியில் ஆசிட் பாட்டில்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பிள்ளைகளிடம் நேர்மையைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறேன் என்பதெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் அளவு பதினெட்டிலிருந்து ஆறுக்கு வந்திருந்தது. "இன்னைக்கு அவ்வளவா குடிக்கல போல" என்று அவர் முணுமுணுத்தார். நான் அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டேன். அன்று மட்டும் அவருக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைத்தேன்.

மறுநாள் காலையில் வாசலிலிருந்து ஒரு கத்தல். "ஏளா! இங்கன வந்து பாரு!" ஓடினேன். குச்சியில் எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி ஆறு மில்லிமீட்டர் மேலே நின்றது. "ஒரே ராத்திரில பெட்ரோலு எவ்வளவு எறங்கிருக்கு பாத்தியா! நான் சொன்னம்லா!" அவர் முகத்தில் கவலையும் இருந்தது, தான் சொன்னது சரியாகிவிட்ட சந்தோஷமும் இருந்தது. எது அதிகம் என்று சொல்ல மாட்டேன், மனிதர் பாவம். நான் காப்பாற்றப் போய் காரை ஒரேயடியாகக் கவிழ்த்திருந்தேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நானோ, "ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காயல்பட்டினத்துக்குப் புறப்பட்டோம். கடைசி முறையாக நான்தான் ஓட்டுவேன் என்று அடம்பிடித்து ஓட்டினேன். காரைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர் கையில் ஒரு பெட்டி முந்திரி மக்ரூன் இனிப்பு இருந்தது. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவது எப்படி என்று அதையும் வாங்கி மடியில் வைத்திருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெரியவர் வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்கோ, வாங்கோ. அங்கன நிறுத்தாதீங்கோ, சந்துல ஆள் போகணும். உள்ள கொண்டாந்து விடுங்கோ" என்று மதிலுக்குள் சிமெண்டுத் தளம் போட்டிருந்த முற்றத்தைக் காட்டினார். என் கணவர் இறங்கின கையோடு, "பாய், அந்த வண்டி விசயமா..." என்று ஆரம்பித்தார். பெரியவர் கையைத் தூக்கினார். "விசயம் எங்க போகுது? மொதல்ல சாப்பிடுங்கோ."

அந்த ஊரில் சாப்பிடாமல் விசயம் பேச முடியாது. என் கணவரை முன் அறையில் உட்கார வைத்தார்கள். என்னைப் பெரியவரின் மனைவி கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அந்த ஊர்ப் பேச்சில் லாத்தா என்றால் அக்கா; நானும் அவர்களை அப்படித்தான் கூப்பிடுவேன். சமோசா வந்தது, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்லாப்பம் வந்தது, இன்னொரு துண்டு வட்லாப்பம் வந்தது, இஞ்சி போட்ட தேநீர் வந்தது. "வண்டி நல்லா ஓடுதா? ஒங்களப் பாத்து எங்க மருமகளும் ஓட்டப் படிக்கணும்ங்கிறா" என்றார் லாத்தா. வட்லாப்பத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து முற்றத்தில் பானெட் திறக்கும் சத்தம் கேட்டது. நான் கையைக் கழுவிவிட்டு வெளியே வந்தேன். என் கணவர் குச்சியைத் துடைத்துச் செருகி எடுத்துப் பெரியவரிடம் காட்டிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை காலையில் பார்த்தது போலவே மேல் கோட்டைத் தாண்டி ஆறு மில்லிமீட்டர்.

"பாத்தீயளா? பெட்ரோலு கலக்குது பாய்."

பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குச்சியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். "பெட்ரோல் வாடை இல்லியே" என்றார். "என் கையில இருந்தவரைக்கும் மேக்கோட்டத் தாண்டுனதே இல்ல. அல்லா மேல ஆணையா எனக்குத் தெரிஞ்சு ஒரு கொறையும் இல்ல. தெரிஞ்சிருந்தா ஒங்க கையில தருவனா?" பிறகு மெதுவாக, "வாக்கு வாக்குதான். சாவியத் தாங்கோ" என்று கையை நீட்டினார்.

சாவி என் கையில் இருந்தது. அந்த நீட்டின கையைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கார் போகிற துக்கத்தை விட, குறையுள்ள பொருளை விற்றவர் என்ற பேரை அந்த மனிதர் சுமக்கப் போகிறாரே என்பதுதான் என்னைச் சுட்டது. அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தது நான்.

"அர லிட்டர் எண்ணெ நான் ஊத்துனேன்" என்றேன்.

வேம்பார், வேப்பமரம், புனல், லேப் அலமாரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை. "சர்வே நடக்கும்போது கப்பல்ல தண்ணி ஏத்திருக்கியே ளா!" என்றார். அவர் தொழிலில் இதை விடப் பெரிய குற்றம் கிடையாது. அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போது கப்பல்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் தொட்டிகளில் தண்ணீரை ஏற்றினால் மொத்தக் கணக்கும் பாழ்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அவர் விடவில்லை. "சரி. அது புதங்கெழம. அதுக்கு முந்தி மூணு வாரம்? காலைக்கும் சாயந்தரத்துக்கும் பன்னெண்டு மில்லி வித்தியாசம் எங்கன இருந்து வந்துச்சு? அதயும் நீதான் ஊத்தி எடுத்தியா?"

எனக்குக் கோபம் வந்தால் மூளை நன்றாக வேலை செய்யும். தலையைத் தூக்கினேன். கார் பலகை போன்ற தளத்தில் நான்கு சக்கரமும் சமமாக நின்றிருந்தது. எங்கள் போர்ட்டிகோவில் காலையில் நிற்பது போலவே நின்றது. சாயங்காலம் மட்டும்தான் அது இப்படி நின்றதே இல்லை.

"ஏங்க, சாயந்தரம் நீங்க அளவு எடுக்கும்போது கார் எங்கன நிக்கும்?"

"சரிவுல."

"எப்பிடி நிக்கும்?"

"மூக்கத் தூக்கிட்டு..." என்றவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"கப்பல் மூக்கத் தூக்கிட்டு நின்னா ஒரே எடத்துல பாத்து எழுதிருவீயளா? குச்சி எஞ்சினுக்கு முன்னாலல்லா இருக்கு. முன்பக்கம் ஏறுனா எண்ணெ பின்னால போவாதா? அதுவும் சில நாளு நான் அவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்து நிறுத்துன கையோட பாப்பீய. எஞ்சின் முழுக்கச் சுத்துன எண்ணெ சொட்டுச் சொட்டா கீழ எறங்க வேண்டாமா? அல அடங்குறதுக்குக் காத்துக் கெடப்பீயள்லா, எங்காருக்கு மட்டும் காத்துக் கெடக்க மாட்டீயளா?"

எட்டாம் வகுப்புக்கு ஒரு பாட்டிலைச் சாய்த்துக் காட்டி, திரவம் எப்போதும் தன் மட்டத்தைத் தேடும் என்று வருடா வருடம் நான் நடத்துகிற பாடம்தான் இது. ஒரு மாதமாக என் வாசலிலேயே ஒரு கார் சாய்ந்து நின்றபோது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அழுதுகொண்டிருந்தேன், பிறகு திருடிக்கொண்டிருந்தேன், யோசிக்க நேரம் கிடைக்கவில்லை.

என் கணவர் காரைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார், தளத்தைப் பார்த்தார். அவருடைய உதடு லேசாக அசைந்தது. மனதுக்குள் சாய்வுக்குத் திருத்தம் போடுகிறார் என்று எனக்குத் தெரியும். "ஆமா" என்றார் கடைசியில். "ரெண்டு எடத்துல எடுத்த அளவ ஒண்ணாப் போட்டுப் பாத்துருக்கேன்." பிறகு திடீரென்று நினைவு வந்தவராக, "ஆனா கார ஏத்தத்துல நிறுத்துனதும் நீதான ளா?" என்றார்.

முதலில் சிரித்தது பெரியவர்தான். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து லாத்தா சிரிப்பது கேட்டது. அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேராலும் அடக்க முடியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அதில் பாதி அழுகை என்று யாருக்கும் தெரிந்திருக்காது. என் கணவர் பெரியவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க பாய், ஒங்களப் போயி..." என்றார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. மாசம் முடிஞ்சிட்டு. இனி நீங்க கொண்டாந்து விட்டாலும் நான் எடுக்க மாட்டேன்" என்றார் பெரியவர். கூடுதலாக இருக்கிற எண்ணெயை நாளைக்கே மெக்கானிக்கிடம் சொல்லி இறக்கிவிடுங்கள் என்றும் எனக்குச் சொன்னார். மக்ரூன் பெட்டியை அங்கே கொடுத்துவிட்டோம். திரும்பும்போது அவர் மடியில் ஒரு தூக்கு வட்லாப்பம் இருந்தது.

வருகிற வழியெல்லாம் நானே ஓட்டினேன். ஆத்தூர்ப் பாலத்தில் தாமிரபரணி தண்ணீர் வெயிலில் மின்னியது. நான் பாடினேன். அவர் என் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை, அதுவே பெரிய பிராயச்சித்தம்.

வீட்டுக்கு வந்ததும் அவர் என்னைச் சரிவில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தின உடனே ஒரு அளவு. கால் மணி நேரம் கழித்து அதே இடத்தில் இன்னொரு அளவு, கொஞ்சம் ஏறியிருந்தது. பிறகு அவரே காரைத் தெருவுக்கு இறக்கித் திருப்பி, பின்பக்கமாகச் சரிவில் ஏற்றி, மூக்கு கீழே பார்க்க நிறுத்தினார். மறுபடி கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் எண்ணெய் ஏறி மேல் கோட்டையே மூடி, அது எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அதற்குள் எதிர்வீட்டு அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "என்னவே செய்தீரு?" என்றார். ஒரே கார், ஒரே எண்ணெய், மூன்று அளவு என்று என் கணவர் அவருக்கு விளக்கினார். அண்ணாச்சி குச்சியை வாங்கித் தானும் ஒருதடவை பார்த்தார். பக்கத்து வீட்டு அக்கா வட்லாப்பத்துக்காகத்தான் வந்தார் என்றாலும் அவரும் பார்த்தார். தெருவில் அன்று ஒரு சின்னத் திருவிழா.

எல்லோரும் போன பிறகு, காரைத் திரும்பவும் கேட்டைப் பார்க்கத் திருப்பிச் சரிவின் கீழே நிறுத்திவிட்டு, அவர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அவர்தான் உள்ளே விடுவார். எனக்கு அந்தத் தூண் கண்ணில் பட்டது. மூன்று வாரம் எண்ணெய் குறைந்ததற்குக் காரணம் எஞ்சினும் இல்லை, பெட்ரோலும் இல்லை. அந்தத் தூணுக்கு நான் பயந்ததுதான்.

"எறங்குங்க" என்றேன்.

அவர் இறங்கி, கேட்டுக்கு உள்ளே போய் எனக்கு எதிரே நின்று, கப்பலைத் துறைக்குள் கொண்டுவருகிறவர் மாதிரி இரண்டு கையையும் ஆட்டினார். "வலது, வலது... லேசா எடது..." எனக்குக் குழப்பம்தான் வந்தது. "நீங்க சும்மா ஓரமா நில்லுங்க!" என்று ஒரு அதட்டு அதட்டினேன். ஓரமாகப் போய் நின்றார். முதல் கியரில் சரிவில் ஏற்றினேன். வலது தூண் வந்தது, பக்கத்தில் வந்தது, ரொம்பப் பக்கத்தில் வந்தது, போய்விட்டது. நான்கு சக்கரமும் போர்ட்டிகோவில் சமமாக நின்றன. எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கித் தூணைத் திரும்பிப் பார்த்தேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு என் கணவர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். கையில் நோட்டு. ராத்திரி முழுக்க அசையாமல் சமதளத்தில் நின்ற காரில் குச்சியைத் துடைத்து அளவு எடுத்திருந்தார். மேல் கோட்டுக்கு மேலே ஆறு, அரை லிட்டர் மனைவி ஊற்றியது என்று பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தார். நோட்டைப் புரட்டினேன். ஒரு மாதமும் பக்கத்துக்குப் பக்கம் அவருடைய கையெழுத்துத்தான். அவற்றுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, செல்லாது என்று எழுதியிருந்தார்.

அன்றைய அளவுக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு இடத்தைக் காலியாக விட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார்.

"இங்கன போடு. கப்பல்காரங்க கையெழுத்து இல்லாம செல்லாது" என்றார்.

எங்கள் கார் என்றுதான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அது யாருடைய கார் என்று அன்றுதான் அவர் சொன்னார். பேனாவை வாங்கினேன். கையெழுத்தைப் போட்டேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, தூணைத் தொடாமல் வெளியே வந்து வேம்பாருக்குக் கிளம்பினேன்.